கரண்டுக்கு அடங்காத கட்டியா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. புற்றுநோய் வந்து நான்கு வருடம் முன்பு ஒரு சிறுநீரகத்தை எடுத்தோம். இப்போது தலைவலி என்று ஸ்கேன் எடுத்தால் மூளையில் மூன்று கட்டிகள்; பெரியது 2 செ.மீ.க்குள். ‘இந்தப் புற்று கரண்டுக்கு (கதிர்வீச்சுக்கு) அடங்காது’ என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் காமா நைஃப் செய்யலாம் என்கிறார். அதுவும் கரண்ட்தானாம்; அடங்காத நோய்க்கு அதை வைத்து என்ன பயன்? தலையைத் திறப்பார்களா?
– ஒரு வாசகி

பதில்: தலையைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள்.

இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரிதான்; முதலாமவர் பாதியில் நிறுத்திவிட்டார். சிறுநீரகப் புற்று, மெலனோமா, சார்கோமா மூன்றுக்கும் ‘அடங்காதவை’ என்ற பெயர் உண்டு. தினம் 3 கிரே (கதிர்வீச்சின் அளவு) வீதம் பத்து நாள் மூளை முழுவதற்கும் வைக்கிறார்களே, அந்தச் சிகிச்சையில் வாங்கிய பெயர் அது. அவ்வளவு சிறிய அடியை இந்த செல்கள் சீக்கிரமே சரிசெய்துகொள்ளும். ஒரே தடவையில் 18, 20 கிரே என்று இறக்கினால் தாங்குவதில்லை. பெரும்பாலான கட்டிகளின் வளர்ச்சி நின்றுவிடும்.

மூளை அதைத் தாங்குமா என்று கேட்பீர்கள். ஸ்வீடன் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இலேயே இதற்கு வழி சொன்னார். காமா நைஃபில் சுமார் 200 மெல்லிய கதிர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வரும். தனித்தனியே அவற்றுக்கு வலு குறைவு. எல்லாம் சந்திக்கும் இடத்தில்தான் முழு வேகம். அந்த இடத்தில் கட்டியை வைக்கிறார்கள். தலை அசையாதிருக்க, மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு சட்டத்தைத் திருகுவார்கள், அல்லது முகமூடி மாட்டுவார்கள். லீனாக், சைபர் நைஃப் இயந்திரங்களிலும் இதைச் செய்யலாம். இயந்திரத்தின் பெயரைவிடக் குழுவின் அனுபவம்தான் முக்கியம் என்பேன்.

மூன்று கட்டி அதிகமில்லை. 2014-இல் வெளியான ஜப்பானிய காமா நைஃப் ஆய்வில், 5 முதல் 10 கட்டி இருந்தவர்களும் 2 முதல் 4 கட்டி இருந்தவர்களுக்குக் குறையாமல் வாழ்ந்தார்கள். இந்தச் சிகிச்சையோடு மூளை முழுவதற்கும் கரண்ட் சேர்த்தால் நினைவாற்றல் கூடுதலாக அடிபடுகிறது என்று 2009-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது.

தொல்லையே இராது என்று சொல்ல மாட்டேன். வீக்கம் வரலாம், ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சில மாதம் கழித்து, கதிர்பட்ட இடத்துத் திசு செத்து, ஸ்கேனில் கட்டி திரும்பியதுபோலவே தெரியலாம். சிறுநீரகப் புற்றுக் கட்டிகளில் ரத்தம் கசிவதும் உண்டு. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறிடத்தில் புதுக் கட்டி முளைக்கலாம் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. கட்டாயம். உடம்பின் மற்ற இடங்களில் உள்ள நோய்க்கு மருந்துச் சிகிச்சை தனியே நடக்க வேண்டும்.

மூளை முழுவதற்கும் கரண்ட் வைக்க யாராவது தேதி குறித்தால், கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: ‘கட்டிக்கு மட்டும் வைக்க ஏன் முடியாது?’