இருவரிடமும் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேர்ந்திருக்கிறாய். சமூக விசாரணை அறிக்கை எழுதும்போது தாயிடம் கேட்பதையெல்லாம் தந்தையிடமும் கேள் என்பதுதான் உனக்கு நான் சொல்ல வந்தது. காலை 11 மணிக்கு ஒரு வீட்டுக்குப் போனால் அம்மாதான் இருப்பார். பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை, தடுப்பூசி ஏன் விட்டுப்போனது என்று எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்வார். தந்தையைப் பற்றி அறிக்கையில் ஏறுவது பெயர், வயது, தொழில், குடிப்பழக்கம், அவ்வளவுதான். கடைசியில் "தாயின் கவனக்குறைவு" என்று ஒரு வரி விழும். குழந்தைகள் நலக் குழுவின் மேசைக்கு அந்த வரிதான் போகிறது.

இந்தச் சாய்வு சட்டத்திலேயே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின்தான் தாய் என்கிறது. அதே பிரிவு, ஐந்து வயது முடியும்வரை பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கையெழுத்து அவருக்கு, குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை இவருக்கு. தந்தை பொறுப்பேற்காத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளர் ஆகலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் விளக்கியது. பிரிவின் வாசகம் மட்டும் மாறவில்லை. வீட்டுக்குள்ளும் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டியது. 2024-இல் அது 289, 88. இருவருக்கும் வேலை கொஞ்சம் குறைந்தது; இடைவெளி 200 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போ, அல்லது இரவு ஏழு மணிக்கு மேல் போ. அதற்கு அலுவலகம் இடம் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கு. அடிக்கிற அப்பனை எதற்குக் கூப்பிட வேண்டும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளி எந்த விசாரணையும் வேண்டாம். தாய் சொன்னது தந்தையின் காதுக்குப் போகக்கூடாது; தேவைப்பட்டால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரோடு முதலில் பேசு. ஆனால் தந்தையை விசாரணைக்கு வெளியிலேயே விட்டுவிட்டால் அவர் அடித்த அடிக்கும் தாயே பதில் சொல்ல நேரும். "தாய் பிள்ளையைக் காக்கத் தவறினார்" என்று எழுதாதே. "தந்தை பிள்ளையை அடித்தார்" என்று எழுது.

வளர்க்கத் தயாராக இருக்கும் தந்தைக்கும் இதே சாய்வால் அநீதி நேர்கிறது. மனைவியை இழந்தவரைப் பார்த்து, "ஆம்பள தனியா பொட்டப்புள்ளைய எப்படி வளப்பான்?" என்று கேட்டு, குழந்தையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வைத்திருக்கும் தடை தத்தெடுப்புக்கு மட்டும்தான். பெற்ற தகப்பனுக்கு அது பொருந்தாது. இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அப்படிப்பட்ட தந்தையை மிஷன் வாத்சல்யா திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்குப் பரிந்துரைக்க முடியுமா என்று முதலில் பார்.

அன்புடன்,
உன் அக்கா