ஆயாவும் ஒரு பிரெஞ்சுப் படமும்

வரலாறு பயிலும் மாணவன் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிப் போவதுதான் வழக்கம். நானோ சென்ற ஆண்டு முழுவதும், தொலைக்காட்சியில் எப்போதோ காட்டி முடிந்த ஒரு விவரணப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் ஆயா.

என் தாத்தா 1983-இல் காலமானார். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஸ்டுடியோவில் எடுத்திருந்த ஒரே படம் குடிசை எரிந்தபோது அதோடு போயிற்று. ஆனால் ஆயா அடிக்கடி ஒன்று சொல்லுவார்: "மயிலாப்பூர் தேருல உங்க தாத்தா வடம் புடிச்சப்ப வெள்ளக்காரனுங்க மூணு பேரு வந்து சினிமா புடிச்சானுங்க கண்ணு. ஒருத்தன் காதுல என்னமோ மாட்டிக்கினு இருந்தான்." வீட்டில் யாரும் இதைப் பொருட்படுத்தியதில்லை. நானும்தான்.

இரண்டாம் ஆண்டில் சான்றுகளை ஆராயும் முறை பற்றிப் படித்தபோது, ஆயாவின் கூற்றை ஏன் ஒரு சான்றாகக் கொள்ளக்கூடாது என்று தோன்றிற்று. காதில் கருவி மாட்டியவன் ஒலிப்பதிவாளனாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே வந்தவர்கள் புகைப்படக்காரர்கள் அல்லர். ஒலியோடு படம் எடுத்தவர்கள். எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, "அண்ணா மந்திரியா இருந்தப்ப" என்றார். அண்ணா முதலமைச்சராக இருந்தது 1967 மார்ச் முதல் 1969 பிப்ரவரி வரை. அதற்குள் வரும் பங்குனித் தேர் இரண்டே. அந்த வருஷம் பெரியப்பா கைக்குழந்தை என்று ஆயா சொன்னார். அவருடைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் 1968 என்று உறுதியாயிற்று.

இனி, படம் எது? இந்தியாவைப் பற்றிய ஒரு தொடரை 1970-இல் பி.பி.சி. ஒளிபரப்ப, நம் அரசு சினங்கொண்டு தில்லியிலிருந்த பி.பி.சி. அலுவலகத்தையே மூடச் செய்த செய்தியை எங்கள் துறைப் பேராசிரியர் நினைவூட்டினார். நான் உடனே அது பி.பி.சி. எடுத்த படம் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு மாதம் வீணாயிற்று. ஒளிபரப்பியவர் வேறு, எடுத்தவர் வேறு என்னும் எளிய உண்மை எனக்கு அப்போது புலப்படவில்லை. இத்தகைய தேடலில் இறங்குவோர் பலரும் முதலில் இடறுவது இங்கேதான் என்று பின்னர் அறிந்தேன்.

எடுத்தவர் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால். 1968-இல் ஒளிப்பதிவாளர் எத்தியென் பெக்கரும் ஒலிப்பதிவாளர் ழான் கிளோத் லொரோவும் உடன்வர, பல மாதங்கள் இந்தியாவில் சுற்றினார். ஆக மொத்தம் மூன்று பேர்! ஆயாவின் கணக்கு சரியாக இருந்தது. பிரெஞ்சில் 'லேந்து ஃபந்தோம்' என்றும் ஆங்கிலத்தில் 'ஃபாண்டம் இந்தியா' என்றும் அதற்குப் பெயர். 1969-இல் வெளிவந்தது, ஏழு பகுதிகள், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாம் பகுதி சென்னையைப் பற்றியது. பழைய தொலைக்காட்சிப் படங்கள் நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஆதலால் எல்லாப் பெயரிலும் தேடவேண்டும். பி.பி.சி.யின் 'ரேடியோ டைம்ஸ்' நிகழ்ச்சிப் பட்டியல்கள் 1923 தொடங்கிக் கணினியில் கிடைக்கின்றன. எந்த நாளில் எது ஒளிபரப்பாயிற்று என்பதை அவற்றில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நிகழ்ச்சி இருந்ததற்கே பட்டியல் சான்று. இன்னும் இருக்கிறது என்பதற்கு அன்று.

இவ்விடத்தில் சிறிது விளக்கவேண்டும். 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொணர்ந்த ஒளிநாடா இரண்டு அங்குல அகலமுள்ளது. விலையோ மிக அதிகம். ஆகவே ஒருமுறை காட்டியதும் பழையதை அழித்து, அதே நாடாவில் புதியதைப் பதிவு செய்வார்கள். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய இரவில் பி.பி.சி. தன் அரங்கிலிருந்து நடத்திய நிகழ்ச்சிகூட இன்று இல்லை. ஒளிநாடாக்களையும் முறையாகக் காக்கும் நூலகத்தை அந்நிறுவனம் அமைத்தது 1978-இல்தான். வெளியூர் சென்று எடுத்த விவரணப் படங்களோ பெரும்பாலும் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டவை. சுருளை அழித்து மீண்டும் பயன்படுத்த முடியாது. அதனாலேயே நாடகங்கள் அழிந்த காலத்திலும் விவரணப் படங்கள் பல பிழைத்தன. மாலின் படமும் அத்தகைய சுருளே. தயாரித்ததும் அவருடைய சொந்த நிறுவனமே. 2007-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் மாலின் விவரணப் படங்களைத் தொகுத்துக் குறுந்தகடாக வெளியிட்டது.

வேடிக்கை என்னவெனில், உலகம் பார்த்த இந்தப் படத்தைச் சென்னையில் எவரும் வீட்டிலிருந்து பார்த்திருக்க வழியில்லை. இங்கே தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்ட் 15-இல்தான்.

திரைப்படக் கழக அன்பர் ஒருவர் தம் தகட்டை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். மால் தம் குரலிலேயே விளக்கம் சொல்லுகிறார். அவர் கருத்துகள் பலவும் எனக்கு ஏற்புடையன அல்ல. நம்மைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்வதால் மன்னிக்கலாம். கலாக்ஷேத்திரத்து நடனம் வருகிறது. 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பு வருகிறது. தேரும் வருகிறது. வடம் பிடித்த கூட்டம், வியர்வை வழியும் முதுகுகள், இரைச்சல்.

ஆயா நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் அமர்ந்து பார்த்தார். மூன்றாம் முறை ஓட்டும்போது, "நிறுத்து" என்றார். முகம் தெரியாத ஒருவருடைய முதுகைக் காட்டி, "இதான் உங்க தாத்தா" என்றார்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இதை நான் ஏற்க முடியாது. ஒரு முதுகைக் கொண்டு ஆளை நிறுவ இயலுமா? இரவில் தனியே அந்தக் காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் ஒருகணம்கூடத் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அதை அச்சிட்டு வரும்படி ஆயா சொன்னார். அந்த ஒருவரை மட்டும் பெரிதாக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், வடத்தோட எடு" என்றார்.