சிங்கம் கிடக்கட்டும், குருவியைப் பார்

மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று, டிசம்பர் கடைசியில் க்ரூகர் காட்டுக்குப் போகிறோம் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் எனக்குச் சந்தோஷம் பாதி, பகீர் பாதி. கூடவே "சிங்கம் எத்தனை பார்க்கலாம்க்கா?" என்று கேட்டிருந்தாயே, பகீர் அதனால்தான். ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்த புதிதில் நானும் ஒரு டிசம்பரில் அப்படித்தான் போனேன். இரண்டு நாள் புல்லைத்தான் பார்த்தேன்.

இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை கோடை. நம் திருச்சிக் கோடை போல ஈரம் வற்றிய கோடை இல்லை, மழைக்காலமும் இதுவேதான். புல் ஆளுயரம் நிற்கும், புதர் தழைத்துக்கிடக்கும். காட்டுக்குள் பள்ளம் பள்ளமாகத் தண்ணீர் தேங்கிவிடுவதால் மிருகங்கள் குட்டையைத் தேடி வர வேண்டியதில்லை. பத்தடியில் சிங்கம் படுத்திருந்தாலும் காது நுனிகூடத் தெரியாது. சிங்கம்தான் வேண்டும் என்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வருவார்கள்.

ஆனால் பறவைக்கு இந்தக் கோடையை விட்டால் வேறு காலம் கிடையாது. க்ரூகரில் 500-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் உண்டு. அதில் ஒரு பெரும் கூட்டம் வலசை வருவது. ஐரோப்பாவிலிருந்து செங்கால் நாரையும் தகைவிலானும் பஞ்சுருட்டானும், ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து குயில்களும் மீன்கொத்திகளும் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே சிங்கத்தை மறந்துவிட்டு வா. அதுவாக வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் விருந்தாளியை க்ரூகர் பூங்காவுக்குப் போகும் வழியிலேயே காட்டிவிடுவேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிழக்கே போகும்போது பிடிக்கும் என்4 நெடுஞ்சாலையில் சோள வயல்களை ஒட்டி ஓடும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வா. புறா அளவில், சாம்பல் நிறத்தில், கால் மட்டும் சிவப்பாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். அமூர் வல்லூறு. சைபீரியா, வட சீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர், நவம்பரில் நம் நாகாலாந்தில் இளைப்பாறி, அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டி இங்கே வருகிறது. 2013-ல் நாகாலாந்தில் சில பறவைகள் மேல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பித்தான் இந்தப் பாதையைத் துல்லியமாகப் பின்தொடர்ந்தார்கள். உன்னைப் போலவே இந்தியாவிலிருந்து வந்தவர், உன்னைவிடச் சிக்கனமாக!

பூங்கா வடக்கு தெற்காக 350 கிலோமீட்டர். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் வரைபடத்தை விரிப்பார், விடாதே. தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். பறவை பார்க்கிறவளுக்கு அதில் பாதிகூட அதிகம். ஸ்குக்கூசா முகாமில் மூன்று இரவு, லோயர் சாபி முகாமில் இரண்டு இரவு போதும். இரண்டுக்கும் நடுவே சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலை சுமார் 45 கிலோமீட்டர். போன வருஷம் அதைக் கடக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது.

நவம்பர் முதல் ஜனவரி வரை முகாமின் கதவு விடியற்காலை நாலரைக்கே திறந்துவிடும். நாலரை என்றால் நாலரைக்கு வண்டி கதவருகே நிற்க வேண்டும். பையனைத் தூக்கத்தோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிடு, பல் பிறகு விளக்கலாம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் வெயில் 35-ஐத் தாண்டப் பார்க்கும், பறவைகளும் நிழலுக்குள் போய்விடும். அப்போது முகாமுக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படு. நாலு மணிக்குமேல் மறுபடி கிளம்பலாம். மாலை ஆறரைக்குக் கதவு மூடிவிடும், தாமதமானால் அபராதம். ஒருமுறை செந்நிறப் பஞ்சுருட்டான் கூட்டத்தில் மயங்கிப் போய்க் கட்டியவள் சொல்கிறேன்.

ஏசியை அணை, கண்ணாடியை இறக்கு. இந்தக் காட்டில் பறவை முதலில் காதில்தான் விழும். "கிப்" என்று ஒரு சொடுக்கு, உடனே மேலிருந்து கீழே இறங்கும் நீண்ட "ட்ர்ர்ர்ர்". யாரோ தகரத்தில் சீப்பை இழுத்த மாதிரி இருக்கும். அதுதான் வன மீன்கொத்தி. பட்டமரக் கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு கத்தலுக்கும் சிறகை விரித்துக் காட்டும். முதுகு மின்நீலம், அலகின் மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி கறுப்பு. பேர்தான் மீன்கொத்தி, பிழைப்பு வெட்டுக்கிளியில். தண்ணீரே இல்லாத இடத்தில் இதைப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று குழம்பாதே.

இன்னொரு குரல் விடிவதற்கு முன்பே தொடங்கும். "பீட்-மை-ஃப்ரோ" என்று மூன்று சுரத்தில் இறங்கும். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் "பீட், என் மனைவி" என்று அர்த்தம் கொடுத்து, செம்மார்புக் குயிலுக்கு அதையே பேராக்கிவிட்டார்கள். நம்மூரில் அக்காக்குயிலுக்குப் பேர் வைத்த மாதிரிதான். குரல் நாள் முழுக்க கேட்கும், ஆள் தென்படாது. தேடி நேரத்தை வீணாக்காதே. சிலர் மொபைலில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பார்கள். நீ அதைச் செய்யக் கூடாது. போட்டிக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று பறவை பாவம் வேலையை விட்டு அலையும்.

மழை பெய்து விட்ட மறுநாள் மட்டும் சோம்பல் படாதே. புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். நம் வீட்டுத் திண்ணை விளக்கடியில் கூடை கூடையாக விழுமே, அதே ஈசல். ரஷ்யப் பக்கமிருந்து வரும் புல்வெளிக் கழுகு, சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும் அத்தனை பெரிய பறவை, கோழி மாதிரித் தரையில் நடந்து நடந்து ஈசல் பொறுக்கும். கரிச்சானும் பனங்காடையும் மேலே பறந்து பிடிக்கும். ஒரு புற்றுக்கு முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த வண்டிக்காரர் "சிங்கமா?" என்று கேட்டார். "கழுகு ஈசல் தின்கிறது" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்குக்கூசாவுக்குப் பக்கத்தில் லேக் பானிக் என்ற நீர்நிலையை ஒட்டி மறைவிடக் குடில் ஒன்று உண்டு. இறங்கி உட்கார அனுமதி உள்ள இடம், பலகையில் அமர்ந்து ஜன்னல் வழியே பார்க்கலாம். பையனுக்கு இலைக்கோழியைக் காட்டு. அல்லி இலை மேல் நடக்கும் அந்தப் பறவையில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாதான். ஆபத்து என்றால் குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். வெளியே நாலு ஜோடி குட்டிக் கால்கள் தொங்கும். உன் வீட்டுக்காரரையும் பார்க்கச் சொல்.

பைனாகுலர் 8x42 வாங்கு. 10x கையில் ஆடும், பார்வைப் பரப்பும் குறுகல். கேமராவுக்கு ஸ்டாண்ட் வேண்டாம்; பழைய தலையணை உறையில் ஒன்றரைக் கிலோ அரிசி போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன், கார்க் கண்ணாடி விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் அசையாது. ஊரிலிருந்து அரிசி, பருப்பு, விதை எதையும் கட்டிக்கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதே.

கழிவறை முகாம்களிலும் பிக்னிக் இடங்களிலும்தான். நடுவழியில் இறங்கவே கூடாது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவும் கூடாது. வரைபடத்தில் அந்த இடங்களை வட்டமிட்டு வைத்துக்கொள். பிக்னிக் இடத்தில் டப்பாவை மடியிலேயே வை. என் ஆலு பரோட்டாவைக் குரங்கு ஒன்று உறையோடு தூக்கிப் போய், மரத்தின் மேல் உட்கார்ந்து, உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டு மேல்தோலை என் தலையில் போட்டது.

மலேரியாவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. மழைக்காலத்தில்தான் ஆபத்து கூடுதல். கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்து, மூவருக்கும் தடுப்பு மாத்திரை கேள். அந்தி சாய்ந்தால் முழுக்கை, முழுக்கால் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. நைரோபி, அடிஸ் அபாபா வழியாக விமானம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியையும் பார். போடுவதாக இருந்தால் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். திருச்சிக்குத் திரும்பிய பின் ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட மருத்துவரிடம் முதல் வாக்கியமே "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். பையனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதே.