நிறுத்தும் இடம்



குர்ஆன் ஓதும் பிள்ளைகளுக்கு வக்ஃப் குறிகள் தெரியும். ‘மீம்’ இருந்தால் அவசியம் நிறுத்த வேண்டும். வசனத்தின் நடுவே ‘லா’ இருந்தால் நிறுத்தக்கூடாது. இடம் மாறி நிறுத்தினால் பொருள் மாறிவிடும்.

எழுத்திலும் அப்படியே. ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி கிடையாது. ஆங்கில முறைக் குறிகள் அச்சோடு தமிழுக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அவற்றை உரைநடையில் பரவலாகக் கையாண்டார்.

நம் டிரஸ்டுக்கு வந்த ஒரு மனுவில், ‘முகம்மது அலி ஜமால் ஆகியோருக்குக் கல்வி உதவி தேவை’ என்றிருந்தது. ‘முகம்மது அலி, ஜமால்’ என இருவராக எண்ணித் தொகை ஒதுக்கினோம். உண்மையில் ‘முகம்மது, அலி, ஜமால்’ என மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டத் தாமதமாகிவிட்டது. கேட்டுத் தெளியாதது எங்கள் தவறு.

ஆகவே, பெயருக்குப் பெயர் காற்புள்ளி; செய்தி முடிந்தால் முற்றுப்புள்ளி. மனுவைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், கொடுக்குமுன் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.