தடயமும் நம்பிக்கையும்
சமயச் சார்புடைய காதல் – துப்பறியும் புதினங்கள் குறித்து ஒரு நோக்கு

தோற்றுவாய்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் ஆய்வேட்டுத் தலைப்புக் குறித்துக் கலந்துரையாட நம் துறைக்கு வந்தார். செய்தித்தாளால் அட்டையிட்ட ஆங்கிலப் புதினம் ஒன்றும் அவர் கையில் இருந்தது. “இதையும் நம் இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆராயலாமா, ஐயா?” என்று சற்றே தயங்கியவாறு வினவினார். பிரித்துப் பார்த்தோம். அமெரிக்க எழுத்தாளர் டீ ஹென்டர்சன் 2001இல் வெளியிட்ட ‘தி ட்ரூத் சீக்கர்’ என்னும் புதினம் அது. வேறொரு பணியாக வந்து அருகில் அமர்ந்திருந்த சமுதாயப் பெரியவர் ஒருவர் என்ன கதை என்று கேட்டார். கொலைகளைத் துப்பறியும் பெண் மருத்துவர், அவர் கொள்ளும் காதல், அவர் தேடும் இறைநம்பிக்கை என்று மாணவி சுருக்கமாகக் கூறினார். “காதல் கதை, கொலைக் கதை, இவற்றோடு தீனையும் கலந்துவிட்டார்களா?” என்றார் பெரியவர்.

அவ்வினாவை நாம் புன்னகையோடு கடந்துவிட இயலவில்லை. இறைநம்பிக்கை காணாததை ஏற்பது. புலனாய்வோ கண்டதையும் ஐயுறுவது. இவ்விரண்டும் ஒரே கதையில் ஒன்றையொன்று சிதைக்காமல் வாழ முடியுமா என்பதே அவர் வினாவின் உட்பொருள். அதனை ஈண்டு ஆராய்வோம்.

பாதிரியார் வகுத்த விதி

துப்பறியும் கதையையும் சமயத்தையும் இணைத்தவருள் முதலில் நினைக்கத்தக்கவர் ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன். 1910இல் அவர் படைத்த ஃபாதர் பிரௌன் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார், தோற்றத்தில் எளியவர். குடையைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர். முதற்கதையாகிய ‘தி புளூ கிராஸ்’ கதையிலேயே, பாதிரியார் வேடமிட்டு வந்த திருடனை அவர் இனங்கண்டுகொள்கிறார். திருடன் அகப்படுவதற்குரிய காரணங்களுள் ஒன்று சுவையானது. அவன் பேச்சினிடையே பகுத்தறிவை இழித்துரைத்தான். உண்மையான பாதிரியார் அவ்வாறு பேசமாட்டார். அது சமயக் கல்விக்கே முரணானது என்கிறார் பிரௌன். இக்கதையை எழுதியபோது செஸ்டர்டன் கத்தோலிக்கராகவில்லை. 1922இல்தான் அச்சபையில் சேர்ந்தார் என்பதும் கருதத்தக்கது.

இதனினும் வியப்பானது ரொனால்டு நாக்ஸின் செய்தி. இவர் கத்தோலிக்கப் பாதிரியார். துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929இல் இவர் அவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, இயற்கை கடந்த ஆற்றல் எதுவும் கதையில் இடம்பெறலாகாது என்பது. தற்செயலோ விளக்கவொண்ணாத உள்ளுணர்வோ துப்பறிபவர்க்கு உதவலாகாது என்பது மற்றொன்று. நாள்தோறும் இறைவனை வழிபடும் ஒருவரே, வழக்கின் முடிச்சை அவிழ்க்க இறைவனை அழைக்காதே என்று எழுதுகிறார்! இதில் முரண் இல்லை என்பதே நம் கருத்து. எழுத்தாளன் தன் சோம்பலை மறைக்கும் திரையாக இறைவனைப் பயன்படுத்துவதை ஓர் இறையடியார்தாமே முதலில் வெறுப்பார்?

காதலுக்கும் இக்கதைகளுக்கும் தொடக்கத்திலிருந்தே பூசல் உண்டு. ஆங்கிலிக்கப் பாதிரியாரின் மகளாகிய டோரதி சேயர்ஸ், துப்பறியும் கதையில் காதல் இடையூறே என்னும் பொருள்பட 1928இல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1930இல், தம் துப்பறிவாளர் லார்டு பீட்டர் விம்சி கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஹேரியட் வேன் என்னும் பெண்மீது காதல் கொள்வதாகத் தாமே எழுதினார். அவர்கள் மணவாழ்வைப் பேசும் புதினம் வர 1937 ஆயிற்று. கோட்பாடு எழுதிய கையே கோட்பாட்டை மீறுவது இலக்கிய வரலாற்றில் புதிதன்று.

அமெரிக்க மண்ணில்

மாணவி கொணர்ந்த புதினம் இவற்றின் நேர்வழித்தோன்றல் அன்று. அதன் வேர் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுப் பதிப்புலகில் உள்ளது. ஜெனட் ஓக் 1979இல் வெளியிட்ட ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ அவ்வுலகில் காதற் புதினத்திற்கு வழி திறந்தது. பொதுவகைக் காதற் புதினங்களை வேறு பெயர்களில் எழுதிவந்த டெர்ரி பிளாக்ஸ்டாக், அதனைக் கைவிட்டுச் சமயச் சார்புடைய மர்மக் கதைகளுக்குத் திரும்பினார். அவருடைய ‘எவிடன்ஸ் ஆஃப் மெர்சி’ 1995இல் வந்தது. காதற் புதின வணிகத்தில் பெயர்பெற்ற ஹார்லெக்வின் நிறுவனம் 1997இல் ‘லவ் இன்ஸ்பயர்டு’ வரிசையையும், 2005இல் அதன் மர்மக் கிளையையும் தொடங்கியது. வசைச்சொல் இராது; படுக்கையறைக் காட்சி இராது; முடிவில் குற்றவாளி அகப்படுவான், காதலர் இணைவர். அட்டையில் துப்பாக்கி ஏந்திய ஆடவனும் திரும்பிப் பார்க்கும் பெண்ணும் இருப்பர். அட்டையை மட்டும் கண்டு முகம் சுளிப்போர் உள்ளிருக்கும் கண்டிப்பைக் கண்டால் வியப்பர்.

ஓமாலி உடன்பிறப்புகள்

டீ ஹென்டர்சனின் ஓமாலி வரிசை 2000 முதல் 2003 வரை ஆறு புதினங்களாக வெளிவந்தது. அநாதை இல்லத்தில் ஒன்றாக வளர்ந்த எழுவர், பெரியவர்களானபின் சட்டப்படி ஒரே குடும்பப் பெயரைச் சூடி உடன்பிறப்புகளாகின்றனர். எழுவருள் இளையவளாகிய ஜெனிஃபர் நோயுற்ற நிலையில் இறைநம்பிக்கை பெறுகிறாள். அவள்வழி ஏனையோரையும் அவ்வினா பற்றுகிறது.

இவ்வரிசையின் சிறப்பு, ஒவ்வொருவர் ஐயமும் அவரவர் தொழிலிலிருந்தோ வாழ்விலிருந்தோ முளைப்பதில் உள்ளது. கேட், பிணைப்பிடித்தவர்களோடு பேசி உயிர்களை மீட்கும் காவல் அதிகாரி. கொடியவரை நாளும் காணும் அவளுக்கு, இறைவன் நீதியாளனாகவும் மன்னிப்பவனாகவும் ஒருங்கே இருப்பது எப்படி என்பது வினா. மார்க்கஸ், சாட்சிகளைக் காக்கும் கூட்டரசு மார்ஷல். சிறுவனாக இருந்தபோது தாய்க்காக அவன் செய்த வேண்டுதல் நிறைவேறவில்லை. பிறரைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவன், தன்னை ஏன் எவரும் காக்கவில்லை என்று கேட்கிறான். லிசா, கொலையுண்டோர் உடலை ஆராயும் தடயவியல் மருத்துவர். இறந்தவர் இறந்தவரே என்பதை நாள்தோறும் கத்தியின் முனையில் அறிபவள். கிறித்தவத்தின் மையமாகிய உயிர்த்தெழுதலை அவளால் எங்ஙனம் ஏற்க இயலும்?

உயிர்த்தெழுதல் பற்றிய கொள்கையில் நாம் அவர்களினின்று வேறுபட்டவர்கள். ஆயினும் லிசாவின் வினாவை மதிக்கிறோம். ஆசிரியர் அவளை அறிவிலியாகக் காட்டவில்லை. தடயம் கேட்கும் உரிமையை அவளிடமிருந்து பறிக்கவுமில்லை. இவ்வகையின் நலிந்த புதினங்களில் நாயகி இருட்டறையில் அகப்பட்டுக்கொள்வாள், கண்மூடி வேண்டுவாள், அடுத்த பத்தியிலேயே கதவு திறக்கும். நாக்ஸின் விதியை நினைவூட்ட வேண்டிய இடம் இதுவே. மாணவர்களுக்கு நாம் கூறுவது, புதினத்தில் வேண்டுதல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்பதே. அது கதைமாந்தரின் அச்சத்தை மாற்றினால் இலக்கியம். பூட்டை மட்டும் திறந்தால் வெறும் திறவுகோல்.

காதலுக்குரிய நிபந்தனை

இப்புதினங்களில் காதலர்க்கிடையே நிற்கும் தடை செல்வமோ குலமோ அன்று, நம்பிக்கையே. ‘தி நெகோஷியேட்டர்’ புதினத்தில் கூட்டரசுப் புலனாய்வுத் துறையைச் சார்ந்த டேவ் ரிச்மன் கேட்டை விரும்புகிறான். ஆயின் நம்பிக்கையாளர் நம்பாதவரோடு பிணைக்கப்படலாகாது என்னும் பவுலின் அறிவுரை அவனைத் தடுக்கிறது. நம் சமுதாயத்து வாசகர்க்கு இத்தடையை விளக்க வேண்டியதில்லை. நம் இல்லங்களில் கண்ணீரோடு பேசப்பட்ட செய்திதான் இது.

இங்கேதான் ஓர் ஆபத்தும் உள்ளது. அவள் நம்பிக்கை கொண்டால் மணம் நிகழும் என்பது வாசகர்க்கு முன்பே தெரியும். எனவே அவள் நம்பியது உண்மையை அறிந்தா, காதலனை அடையவா என்ற ஐயம் எழாமல் இராது. நம்பிக்கை மணமகள் கொண்டுவரும் சீர்வரிசையாகிவிடக்கூடாது. கேட் தன் நீதி பற்றிய வினாவோடு தானே மல்லாடும் பக்கங்களில் ஆசிரியர் இவ்வாபத்தினின்று தப்புகிறார். எல்லாப் பக்கங்களிலும் தப்பினார் என்று நாம் கூறமாட்டோம்.

சட்டை கூறும் சான்று

காதல், குற்றச்சாட்டு, புலனாய்வு, இறைநம்பிக்கை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த வரலாறு நமக்குப் புதியதன்று. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு. அதில் சட்டை மும்முறை வருகிறது. முதலில், பொய்க் குருதி தோய்ந்த சட்டையைச் சகோதரர்கள் தந்தையிடம் கொணர்கின்றனர். மகனைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதோ என யஃகூப் (அலை) ஐயுற்றதாக விரிவுரையாளர் கூறுவர். அடுத்து, அமைச்சரின் மனைவி பழி சுமத்தும்போது, அவள் குடும்பத்தாருள் ஒருவரே ஆய்வு முறையை எடுத்துரைக்கிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் கூற்று மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் கூற்று மெய். பின்புறமே கிழிந்திருந்தது. விவிலியத்தின் ஆதியாகமத்திலும் இந்நிகழ்ச்சி உண்டு. அங்கு யோசேப்பு விட்டுச்சென்ற ஆடை அவள் கையில் பொய்ச்சான்றாகிறது. அதனை எவரும் ஆராயவில்லை.

தடயம் தெளிவானபின்னும் யூசுஃப் (அலை) சிறைப்படுகிறார். பின்னர் மன்னர் அழைத்தபோது உடனே வெளிவரவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி முதலில் விசாரிக்குமாறு தூதரைத் திருப்பி அனுப்புகிறார். விடுதலையினும் விசாரணை முந்துகிறது. மூன்றாவது சட்டை தந்தையின் பார்வையை மீட்பது, அது அற்புதம். அவ்வற்புதம் வழக்கு முற்றிலும் தீர்ந்தபின்னரே நிகழ்கிறது என்பதை மாணவியிடம் சுட்டிக்காட்டினோம். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சாரண பாஸ்கரனின் ‘யூசுப் ஜுலைகா’ காப்பியத்தையும் உடன்வைத்து ஆராயுமாறு கூறினோம்.

பெரியவர் இடைமறித்தார். “துருவித் துருவி ஆராயாதீர்கள் என்றும் குர்ஆன் சொல்கிறதே?” என்றார். உண்மைதான். 49ஆம் அத்தியாயம், தீயவன் கொணரும் செய்தியைத் தெளிவாக விசாரிக்கப் பணிக்கிறது. அதே அத்தியாயம் பிறர் குறைகளை உளவு பார்ப்பதைத் தடுக்கிறது. பிறர் உயிரும் மானமும் கேடுறாமல் காக்கும் விசாரணை வேறு. மறைவைத் திறந்து மகிழும் ஆவல் வேறு. காதலியின் கடந்தகாலத்தைக் காவல்துறைக் கோப்பில் தேடும் நாயகர்களை இப்புதினங்கள் பல எளிதில் மன்னித்துவிடுகின்றன. அதனையும் ஆய்வேட்டில் ஓர் இயலாகக் கொள்ளலாமென்று முடிவுசெய்தோம்.

மாணவி விடைபெற எழுந்தார். பெரியவர் சற்றுத் தயங்கி, “அந்த டாக்டர் பெண் கொலைகாரனைக் கண்டுபிடித்தாளா, அம்மா?” என்றார். மாணவி மீண்டும் அமர்ந்து கதையைத் தொடங்கினார். பாதிக் கதையில் அஸர் பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டு வந்து மீதியைக் கேட்பதாகக் கூறிப் பெரியவர் எழுந்து சென்றார்.