அயல்நாட்டுச் செடிகளும் அவற்றின் உள்ளூர் உறவுகளும்

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், அங்கே மலர்த்தோட்டம் அமைத்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் மலர் கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. அந்தப் பூந்தமல்லியிலும் அதனை அடுத்த ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலும் இன்று பல மாடிகளில் அயல்நாட்டுச் செடிகள் இடம்பெற்றுள்ளன. நீண்டகாலச் சிகிச்சையில் இருப்போருக்கு இப்பொழுதுபோக்கு மன ஆறுதலும் மிதமான உழைப்பும் தருவதால் நாம் இதனை வரவேற்கிறோம்.

எனினும் ஒன்றைக் கருத வேண்டும். அரளியை வாயில் வைக்கலாகாது, சேனை அரிக்கும், கள்ளிப்பால் கண்ணுக்கு ஆகாது என்பவற்றை நம் வீட்டு மூத்தோர் அறிந்திருந்தனர். புதிதாக வந்த செடிக்கு அத்தகைய எச்சரிக்கை வழங்க எவரும் இல்லை. ஆனால் அதன் உள்ளூர் உறவை அறிந்தால், பழைய எச்சரிக்கையே அதற்கும் பொருந்துவதைக் காணலாம்.

அடீனியம் – அரளியின் உறவு

‘பாலைவன ரோஜா’ எனப்படும் இச்செடி ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் தாயகமாகக் கொண்டது. இதன் பாலை ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நஞ்சாகப் பயன்படுத்தினர். அரளியைப் போலவே இதிலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் உள்ளன. இதய நோயாளர் சிலர் உட்கொள்ளும் டிஜாக்சின் மருந்தும் இவற்றின் இனத்தைச் சேர்ந்ததே. ஆகவே அம்மருந்து உட்கொள்வோருக்கு ஆபத்து மிகுதி.

டிஃபன்பேக்கியா – சேனையின் உறவு

வெண்புள்ளி இலைகளுக்காக வரவேற்பறையில் வைக்கப்படும் இச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. சேனையை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான ஊசி வடிவ கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் உள்ளன. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் நாவும் உதடும் எரிந்து வீங்கும், எச்சில் வடியும், சில வேளைகளில் பேச்சே எழாது.

யூஃபோர்பியா – கள்ளியின் உறவு

மடகாஸ்கரிலிருந்து வந்த இந்த முட்செடியின் கிளையை வெட்டினால் வெண்பால் வடியும். அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். வலி சில மணி நேரம் கழித்துக் கூடுவதும் உண்டு. கிளைகளை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிதல் நலம்.

உடனே செய்ய வேண்டியவை

செடியின் பகுதியை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாயில் எஞ்சியதை அகற்றி, நீரால் கொப்பளிக்கச் செய்க. கண்ணில் பால் பட்டால் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, வலி தணிந்தாலும் கண் மருத்துவரைக் காண்க. அடீனியத்தை விழுங்கியிருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு வருக. இதயத் துடிப்பையும் இரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் ஆராய்தல் இன்றியமையாதது. மூச்சுத் திணறல், மயக்கம், தொடர் வாந்தி இருப்பின் 108 ஊர்தியை அழைக்கவும். செடியின் கிளையையோ அதன் ஒளிப்படத்தையோ உடன் கொண்டு வருக.

நீரும் மண்ணும்

2001-ஆம் ஆண்டில் தென்சீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற ‘லக்கி பேம்பூ’ செடிகளின் நீரில், டெங்குவைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசுக்கள் கண்டறியப்பட்டன. தொட்டியின் அடித்தட்டிலும் கண்ணாடிக் குடுவையிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டி, பக்கங்களைத் தேய்த்துக் கழுவுக; முட்டைகள் அங்குதான் ஒட்டியிருக்கும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் மண்ணைக் கிளறும் பணியை வீட்டாரிடம் விடுக. மண்ணிலுள்ள பூஞ்சை நுண்வித்துகள் அவர்தம் நுரையீரலைத் தாக்கக்கூடும்.

செடி வாங்கும்போதே அதன் பெயரைக் கேட்டுத் தொட்டியில் எழுதி ஒட்டி வைக்குமாறு வேண்டுகிறோம். அவசர நேரத்தில் எங்கள் முதல் வினா, “அது என்ன செடி?” என்பதாகவே இருக்கும்.