நீருக்குள் திசை தெரியாது

மன்னார் வளைகுடாக் கரையூர்களில் சங்கு குளிக்கும் ஆடவரும் பாசி எடுக்கும் பெண்டிரும் மூழ்கியே பிழைக்கின்றனர். விசைப்படகு வரும் ஓசை அவர்கட்குக் கேளாமலில்லை. வண்டி எப்பக்கம் வருகிறதென்று உழவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்; நீருக்குள் அஃது இயலாது. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. ஆதலின் இரு செவிகளையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் எட்டிவிடுகிறது. திசையறியாது மேலெழுபவர் படகின் சுழல்விசிறியில் அடிபட நேரிடும். எனவே, விலகிச் செல்லும் பொறுப்பு பெரிதும் படகோட்டியினுடையதே. மூழ்குமிடத்தில், குறுக்கே வெண்பட்டை ஓடும் செங்கொடியை மிதவையில் நாட்டுதல் அமெரிக்கா முதலிய நாடுகளில் வழக்கம். துணிக்கும் மிதவைக்கும் ஆகும் செலவு சொற்பமே. கொடி கண்டவிடத்து வேகத்தைத் தணித்து அகன்று செல்லப் படகுக்காரர்களை இசைவிப்பதுதான் கடினம். கரையோர ஊராட்சி உறுப்பினர்கள் இரு சாராரையும் கூட்டி அதனையே முதலிற் பேசி முடிப்பாராக.